எந்தக் குளத்தில் படகை இறக்கலாம்?

இலங்கையில் பத்தாயிரத்துக்கு மேல் குளங்கள் இருக்கின்றன. ஆனால் இயற்கையாக உண்டான ஏரி என்று கைகாட்ட உள்நாட்டில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மகாவலி ஆற்றின் வெள்ளச் சமவெளியில் வில்லு எனப்படும் தேக்கங்கள் சில உண்டு. கரையோரத்தில் களப்புகள் உண்டு. மற்றபடி நாட்டின் உட்புறத்தில் நீங்கள் காணும் பெரிய நீர்ப்பரப்பு எதுவானாலும், அதன் ஒரு பக்கத்தில் மண் கட்டோ கொங்கிறீற் அணையோ நிற்கும். ஓர் அரசனோ அரசாங்கமோ வயலுக்கென்று, மின்சாரத்துக்கென்று, குடிநீருக்கென்று மறித்து வைத்த தண்ணீர் அது. கண்டி வாவியையும் நுவரெலியாவின் கிரகரி வாவியையும் வேண்டுமானால் அழகுக்காகக் கட்டினார்கள் என்று சொல்லலாம். துடுப்புப் போடவும் பாய் விரிக்கவும் இங்கே ஒருவரும் குளம் கட்டவில்லை.

ஆகவே படகோடு புறப்படுகிறவர் முதலில் விசாரிக்க வேண்டியவை இரண்டு. இந்தத் தண்ணீர் யாருக்கு உரியது? எந்த மாதத்தில் அது குளத்தில் இருக்கும்?

நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வன்னியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். உத்தியோக காலம் முழுக்கக் குளத்தைக் கட்டின் மேல் நின்று பார்த்தேன். இப்போது தண்ணீரில் இருந்துகொண்டு கட்டைப் பார்க்கிறேன். என்னிடம் ஒரு கண்ணாடியிழை வள்ளமும், கொழும்பில் ஒருவர் கழித்துவிட்ட சின்னப் பாய்ப்படகும் இருக்கின்றன. அந்தப் படகை வைத்துக்கொண்டு நான் படும் பாட்டைப் பார்த்து ஊர்க்காரருக்கு நல்ல பொழுதுபோக்கு.

தங்கையின் மகன் ரொறன்ரோவிலிருந்து ஒரு புரட்டாதி மாதம் வந்தான். பெட்டிக்குள் மடித்து வைத்த, காற்றடைக்கும் கயாக். பனிப்பாறை உருகிப் போன பள்ளங்களில் ஏரி நிறைந்து கிடக்கிற நாட்டில் வளர்ந்த பிள்ளை. செய்மதிப் படத்தில் நீலமாகத் தெரிந்த இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டு வந்திருந்தான். முதல் இடத்துக்குப் போனவன் மத்தியானமே திரும்பி வந்தான்.

"மாமா, படத்தில பெரிய லேக்கா இருந்தது. அங்க போய்ப் பார்த்தா மாடு மேயுது!"

"தம்பி, அந்தப் படம் தை மாசத்தில எடுத்ததா இருக்கும். இது புரட்டாதி. தண்ணி எல்லாம் நெல்லாப் போயிட்டுது."

நான் சொன்னது பகிடியல்ல. உலர் வலயத்துக் குளம் ஒன்றின் வருடம் இப்படித்தான் போகும். ஐப்பசி, கார்த்திகையில் மழை தொடங்கும். மார்கழியில் வடகீழ்ப் பருவமழை கொட்டக் குளம் நிறையும், நல்ல வருடமென்றால் வான் பாயும். காலபோக நெல் பெரும்பாலும் மழையிலேயே வளர்வதால் குளத்துத் தண்ணீர் அதிகம் போகாது. தையில் குளம் தளும்பி நிற்கும். சித்திரை, வைகாசியில் சிறுபோகம் தொடங்கியதும் துருசைத் திறப்பார்கள். அதன்பின் நீர்மட்டம் நாளுக்கு நாள் இறங்கும். வெயிலும் காற்றும் தங்கள் பங்கை எடுக்கும். ஆவணி, புரட்டாதியில் சிறு குளங்களில் நடுப்பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் சேற்றுத் தண்ணீர் கிடக்கும்.

சிறுபோகம் தொடங்குமுன் ஒவ்வொரு பெரிய குளத்துக்கும் ஒரு கூட்டம் நடக்கும். கமக்காரர் அமைப்புகள், நீர்ப்பாசன உத்தியோகத்தர்கள், பிரதேச செயலகத்தார் எல்லோரும் கூடி, இத்தனை ஏக்கருக்கு இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதி வரை தண்ணீர் என்று முடிவெடுப்பார்கள். வாக்குவாதம் இல்லாமல் முடிந்த கூட்டத்தை நான் கண்டதில்லை. அங்கே முடிவாகும் திகதிகள் உழவனுக்கு எவ்வளவு முக்கியமோ படகுக்காரனுக்கும் அவ்வளவு முக்கியம். முதல் தண்ணீர் திறக்கும் நாள் தெரிந்தால் உங்கள் பருவம் எப்போது முடிகிறது என்பதும் தெரியும். சுற்றுலா வழிகாட்டிகள் இதைச் சொல்வதில்லை. தேநீர்க்கடையில் சொல்வார்கள்.

இனிக் காற்று. துடுப்புக்காரருக்குக் காற்று தொல்லை, பாய்க்காரருக்கு அதுதான் சாப்பாடு. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் அடிக்கும். கிழக்கில் அதைக் கச்சான் காற்று என்பார்கள். மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வறண்டு வருகிற காற்று அது. காலையில் சும்மா இருக்கும், பத்து மணிக்குப் பிறகு எழும்பும், பின்னேரம் குளத்தில் வெண்நுரை தெரியும். பாய்க்கு அருமையான காற்று. ஆனால் அது வீசும் மாதங்களில் குளத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் நிறைந்த மார்கழியிலோ மழை விடாது. இரண்டும் ஒத்துப்போகும் இடைவெளி தை நடுப்பகுதி முதல் பங்குனி தொடக்கம் வரை. மழை ஓய்ந்து, குளம் நிறைந்து, வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று மட்டாக வீசும் காலம். பங்குனி நடுவிலிருந்து சித்திரை முடிய பின்னேர இடிமழை வரும். வெட்டவெளித் தண்ணீரில் உங்கள் பாய்மரம்தான் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே உயரமான பொருள் என்பதை நினைவில் வைத்திருங்கள். மேகம் கறுத்தால் கரைக்கு வாருங்கள்.

காற்றையும் கட்டையும் சேர்த்துப் பார்க்கப் பழக வேண்டும். குளத்தின் ஆழம் கட்டோரம். எதிர்ப்பக்கம் அலைகரை, முழங்கால் அளவிலிருந்து மெல்ல மெல்ல ஆழமாகும். பொலன்னறுவையில் பராக்கிரம சமுத்திரத்தின் கட்டு கிழக்குப் பக்கம். சோளகம் வீசும் காலத்தில் பரப்பு முழுவதையும் கடந்து வரும் அலை கட்டின் கற்களில்தான் மோதும். அந்த நாளில் கவிழ்ந்த படகை அலை கல்லில் கொண்டுபோய் அடிக்கும். தை மாதத்து வாடையில் எல்லாம் தலைகீழ். கட்டோரம் தண்ணீர் அமைதியாக இருக்கும், ஏமாந்துவிடுவீர்கள். காற்று உங்களை நடுக்குளத்துக்கும் அதற்கப்பால் ஆளில்லாத அலைகரைக்கும் தள்ளிக்கொண்டு போகும். போகிற சுகம் திரும்பி வரும்போது இராது. எந்தக் குளத்துக்குப் போனாலும் முதலில் கட்டில் ஏறி நின்று, கட்டு எந்தத் திசை, காற்று எந்தத் திசை என்று பார்த்துவிட்டுத்தான் நான் படகைக் கயிற்றிலிருந்து அவிழ்ப்பேன்.

பராக்கிரம சமுத்திரத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கு நிறுத்த மனம் வராது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு, முன்பே இருந்த குளங்களையும் சேர்த்துக் கட்டுவித்தது. அதன் வடபகுதியான தோப்பாவெவ அவனுக்கும் பல நூற்றாண்டு மூத்தது. பரப்பு ஏறக்குறைய 2,500 ஹெக்டேயர். ஒரே தண்ணீராகத் தெரிந்தாலும் உள்ளே போனால் ஒடுங்கிய வாய்களால் இணைந்த பெரும் பகுதிகள் என்று புரியும். கயாக்கில் ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்கு நுழைவது தனிச் சுகம். அம்பன் கங்கையை அங்கமெடில்லையில் மறித்து வாய்க்கால் வழியாகத் தண்ணீர் கொண்டுவருவதால், சுற்றுப்புற மழையை மட்டும் நம்பும் குளங்களைப்போல இது சட்டென்று வற்றிவிடாது. நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் நிறைய. கரையில் பழைய தலைநகரத்தின் இடிபாடுகள். வருகிறவர்கள் அவற்றைப் பார்த்துவிட்டுக் குளத்தைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். குளம்தான் அந்த நகரத்தின் மூலதனம். அதன் நெல்தான் அந்தக் கோவில்களைக் கட்டியது.

தம்புள்ளைக்குப் பக்கத்தில் கண்டலமைக் குளமும் துடுப்புக்கு நல்லது. ஜெஃப்ரி பாவா மலையோடு மலையாக வடிவமைத்த ஹோட்டல் 1990களில் வந்தபிறகு அது பெயர்பெற்றது. கயாக் வாடகைக்குக் கிடைக்கும், காவலுக்கு ஆளும் இருப்பார். முதல் தடவை துடுப்புப் பிடிக்கிற வெளியூர்க்காரருக்கு இதைத்தான் சொல்வேன். அபரணைப் பக்கம் சிறு குளங்களில் தாமரைக்கு நடுவே வள்ளத்தில் கூட்டிப்போகிறார்கள். அது சவாரி, படகோட்டமல்ல. என்றாலும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

வடக்கில் கிளிநொச்சியின் இரணைமடு எங்கள் பெருமை. கனகராயன் ஆற்றை மறித்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கட்டு. அங்கே குளத்தை அடிக்கணக்கில்தான் பேசுவார்கள். "இன்றைக்கு எத்தனை அடி?" என்பது நலம் விசாரிப்பதில் ஒரு பகுதி. இந்தத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொண்டுபோவதா என்ற வழக்கு ஒரு காலத்தில் எவ்வளவு சூடாக நடந்தது என்பது வாசகருக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட தண்ணீரில் விளையாட்டுப் படகு இறக்கும்போது ஊராரின் முகத்தைப் பார்த்து இறக்க வேண்டும். மன்னாரின் கட்டுக்கரைக்குளம் பரப்பில் பெரிது, ஆழம் குறைவு. பறவைக்குச் சொர்க்கம். பாய்ப்படகின் அடிப்பலகை அங்கே சேற்றைத்தான் உழும். கயாக்கோடு மட்டும் போங்கள், அதுவும் குளம் நிறைந்த மாதத்தில்.

தாமரையும் ஆம்பலும் படர்ந்த இடத்தில் ஆழம் குறைவென்று கண்ணாலேயே தெரிந்துகொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாதவை இரண்டு. ஒன்று, குளத்தையோ நீர்த்தேக்கத்தையோ கட்டும்போது வெட்டாமல் விட்ட பாலையும் வீரையும். செத்தும் அழுகாமல் நிற்கிற வைரம் பாய்ந்த மரங்கள். தளும்பும் குளத்தில் அவை ஆழத்தில் இருக்கும். பாதிக் குளத்தில் ஒரு சாண் தண்ணீருக்குக் கீழே காத்திருக்கும். காற்றடைக்கும் கயாக்குக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை. மற்றது வலை. திலாப்பியா பிடிக்கிற மீனவர் பின்னேரம் வலை விரித்து விடியப்புறம் எடுப்பார்கள். வெற்றுப் பிளாஸ்ரிக் போத்தல்கள் வரிசையாக மிதந்தால் கீழே வலை என்று அர்த்தம். சுற்றிப் போங்கள். 1952இல் இந்த நாட்டுக்கு வந்த அந்த மீன்தான் இன்று குளக்கரைக் குடும்பங்கள் பலவற்றின் அடுப்பை எரிக்கிறது. அறுந்த வலைக்கு நீங்கள் சொல்லும் மன்னிப்பு சோறு போடாது.

முதலை உண்டா என்று எல்லோரும் கேட்பார்கள். உண்டு. உலர் வலயத்துக் குளங்களில் சதுப்பு முதலை சாதாரணம். கழிமுகங்களிலும் களப்புகளிலும் அதைவிடப் பெரிய செம்மூக்கன். வள்ளத்தில் இருப்பவருக்குப் பெரும்பாலும் தொந்தரவில்லை, தண்ணீரில் கால் தொங்கப்போடுகிறவருக்கும் பொழுதுபட்டுக் குளிக்கிறவருக்கும்தான் ஆபத்து. எனக்கு முதலையைவிட யானைப் பயம் அதிகம். வறட்சியில் பின்னேரம் அலைகரைக்கு அவை தண்ணீருக்கு வரும், நாம் கரையேறும் இடமும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். பொழுது சாயுமுன் கட்டுப் பக்கத்துக்குத் திரும்பிவிடுவது நல்லது.

யானையைப் படகிலிருந்தே பார்க்க ஆசைப்படுகிறவருக்குக் கிழக்கே ஓர் இடம் உண்டு. கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்து 1949இல் தொடங்கிக் கட்டிய சேனாநாயக்க சமுத்திரம், நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கங்களில் ஒன்று. உள்ளே தீவுகள். ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்கு யானைகள் நீந்திப் போகும், தும்பிக்கை மட்டும் தண்ணீருக்கு மேலே. ஆனால் அது தேசிய பூங்காவின் நீர். சொந்தப் படகை இறக்க நினைக்காதீர்கள், வனஜீவராசிகள் திணைக்களத்தின் ஒழுங்கில்தான் படகுப் பயணம். மின்னேரியா, உடவளவை போன்ற பூங்காக் குளங்களையும் படகுப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். மின்னேரியாவில் ஆடி, ஆவணியில் தண்ணீர் இறங்கி முளைக்கிற புல்லுக்காக யானைகள் நூற்றுக்கணக்கில் கூடும். வற்றுகிற குளத்துக்கும் ஒரு பயன் இருக்கிறது.

மலைநாட்டுக் கதை முற்றிலும் வேறு. அங்கே தண்ணீர் மின் உற்பத்திக்கு உரியது. காசல்ரீ நீர்த்தேக்கம் 1965இலும் மவுசாக்கலை 1969இலும் முடிந்தவை. தென்மேற்குப் பருவமழை அவற்றை நிரப்பும். நாங்கள் வெயிலில் காய்கிற ஆனி, ஆடியில் அங்கே குளிரும் மழையும். அது ஓய்ந்த தை, மாசியில் வானம் தெளிந்திருக்கும். தேயிலைச் சரிவுகள் தண்ணீர் வரை இறங்கி வரும். மவுசாக்கலையிலிருந்து சிவனொளிபாத மலை நேரெதிரே தெரியும். கயாக்குக்கு இதைவிட அழகான தண்ணீர் இந்தத் தீவில் இல்லையென்று அடித்துச் சொல்வேன். பாய்க்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். மலை இடுக்குகளிலிருந்து காற்று ஒரு நிமிடம் இடப்புறமும் மறு நிமிடம் வலப்புறமும் விழும். மின் உற்பத்திக்குத் தண்ணீர் இழுப்பதால் கரை இறங்கிச் செம்மண் சரிவு வழுக்கும். அணைக்கும் நீரெடுக்கும் வாய்க்கும் கிட்டப் போவது தடை, அனுமதி கேட்காமல் படகு இறக்குவதும் வேண்டாம்.

மவுசாக்கலையின் அடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. கடைவீதி, கோவில், பள்ளிவாசல், பௌத்த விகாரை எல்லாவற்றோடும் மூழ்கிய ஊர். கடும் வறட்சியில் தண்ணீர் இறங்கும்போது பழைய கோவிலின் சுவர்கள் வெளியே வரும். தோட்டத்து மக்கள் பூவும் கற்பூரமும் கொண்டுபோய்க் கும்பிடுவார்கள். அந்தக் காலத்தில் படகோடு போனால் கோவிலுக்குத் தூரமாகவே நில்லுங்கள். அது காட்சிப்பொருளல்ல.

நுவரெலியாவில் 1873இல் ஆளுநர் கிரகரி காலத்தில் உண்டான வாவியில் மிதிபடகும் இயந்திரப் படகும் சத்தமும்தான். சித்திரைப் பருவத்தில் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

பாய்ப்படகு ஓட்ட முறையாகப் பழக விரும்புகிறவர் கொழும்புக்குத் தெற்கே போக வேண்டும். மொறட்டுவைக்கும் பாணந்துறைக்கும் அருகில் பொல்கொடை வாவி, கடலோடு தொடுப்புள்ள இயற்கை நீர்ப்பரப்பு. நெல்வயலுக்காக யாரும் துருசு திறந்து அதை வற்றவைப்பதில்லை, ஆகையால் வருடம் முழுக்கத் தண்ணீர் உண்டு. கடற்காற்று மத்தியானத்துக்குப் பிறகு தடையில்லாமல் வரும். சிலோன் மோட்டார் யொட் கிளப் அங்கேதான் இருக்கிறது. கரையோரம் ஆகாயத்தாமரை அடைக்கிற இடங்கள் உண்டு, நடுப்பரப்பு விசாலம். துடுப்புப் போட்டிப் படகுகளை விரும்புகிறவருக்குக் கொழும்பின் பேர வாவியும், பாராளுமன்றத்தைச் சுற்றியுள்ள தியவன்னா ஓயாவும். பேர வாவியில் கொழும்பு ரோயிங் கிளப் 1864 முதல் இயங்குகிறது. வாவியின் வாசத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

மருமகனை அடுத்த முறை தை மாதத்தில் வரச்சொன்னேன், வந்தான். கயாக்கைக் கட்டில் வைத்துக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது கமக்காரர் அமைப்புச் செயலாளர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"ஐயா, மருமகனோ? வான்கதவுப் பக்கம் மட்டும் போகவேண்டாமெண்டு சொல்லுங்கோ. துருசடியிலயும் இழுக்கும்."

வான்கதவு திறந்திருந்தாலோ துருசில் தண்ணீர் விட்டிருந்தாலோ மேற்பரப்பு அசையாமல் இருக்க, கீழே இழுவை இருக்கும். அந்த இரண்டு இடங்களும் எந்தக் குளத்திலும் எந்த மாதத்திலும் விலக்கு. பழைய குளங்களில் கட்டின் உட்புறம் சதுரமாகக் கற்சுவர் வைத்த கிணறுபோல் ஒன்று தெரிந்தால், அதுவும் தண்ணீரின் வேகத்தை அடக்கக் கட்டிய துருசின் உறுப்புத்தான். எட்டி நில்லுங்கள். பெண்கள் குளிக்கிற துறைக்கும் கிட்டப் போகாதீர்கள். குளத்துக்குள் சவர்க்காரமோ பெற்றோலோ விடாதீர்கள், அந்தத் தண்ணீரைக் குடிக்கிற வீடுகள் உண்டு. லைஃப் ஜாக்கெட்டைப் படகில் வைத்திருந்தால் போதாது, போட்டிருக்க வேண்டும். உள்ளூர் மீனவர் போடுவதில்லை என்பது நமக்கு நியாயமாகாது.

அனுமதி யாரிடம் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று. 80 ஹெக்டேயருக்கு மேல் வயலுக்குப் பாய்கிற குளம் பெரும்பாலும் நீர்ப்பாசனத் திணைக்களத்துடையது அல்லது மகாவலி அதிகாரசபையுடையது. அதற்குக் குறைந்தது கமநல சேவை நிலையத்தின் பொறுப்பு. எதுவானாலும் கமக்காரர் அமைப்பிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறக்கினால் பாதி வேலை முடிந்தது. எந்த இடத்தில் மரக்கட்டை, எந்த இடத்தில் முதலை என்று அவர்களே சொல்லித்தருவார்கள்.

என் பழைய திணைக்களத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பெரிய குளத்தின் கட்டிலும் மூன்று மொழிகளில் ஒரு பலகை நடுங்கள். இன்றைய நீர்மட்டம், சிறுபோகத் தண்ணீர் திறக்கும் திகதி, படகு போகக்கூடாத இடங்கள், இந்த மூன்றும் அதில் இருந்தால் போதும். நீர்மட்டத்தைத்தான் ஏற்கனவே அளந்து பதிகிறீர்கள். அதைக் கந்தோரில் மட்டும் வைத்திருக்காமல் வெளியேயும் எழுதுங்கள்.